நீள்வட்டப் பந்தயமும் நம் நாட்டு வீரரும்

நேர் வீதியில் தேரை இழுத்தல் வலியோர் தொழில். மூலையில் அதனைத் திருப்புதல் அறிந்தோர் தொழில். முட்டுக்கட்டை இடுவோன் கண்ணும் கையும் ஒருங்கே இயங்கினாலன்றித் தேர் நிலை சேராது. காஞ்சியில் வாழ்வார்க்கு இது புதிதன்று. மோட்டார்ப் பந்தயத்திற்கும் இவ்வுண்மை பொருந்துமென்பதை ஈண்டு ஆராய்வாம்.

விரைந்தோடும் வண்டி நேரே செல்லவே முற்படும். அதனை வளைவின் உட்புறம் ஈர்ப்பது சக்கரத்திற்கும் தரைக்கும் உள்ள பிடிப்பேயாம். வேகம் இரு மடங்காயின் வேண்டிய ஈர்ப்பு நான்கு மடங்காகும். ஆதலின், நீள்வட்டப் பாதை அமைப்போர் வளைவின் வெளிவிளிம்பை உயர்த்திச் சாய்தளமாக்கினர். சாய்தளம் வண்டியைத் திருப்ப உதவும். ஆயின், அதே வேளையில் டயரின்மீது பெருஞ்சுமையையும் ஏற்றும். இவ்விரண்டாம் உண்மையை மறந்தோர் பட்ட துன்பம் பெரிது.

இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்துப் புரூக்லாண்ட்ஸ் என்னுமிடத்தில் 1907-ல் பந்தயத்திற்கென்றே ஒரு பாதை திறக்கப்பெற்றது. அதன் சாய்தளம் ஏறக்குறைய 30 அடி உயரமுடையது. 1913 பிப்ரவரியில் பெர்சி லாம்பர்ட் என்பார் ஆங்கு ஒரு மணி நேரத்தில் 100 மைலுக்கு மேற் கடந்து, உலகில் அச்செயல் முடித்த முதல்வரானார். அவ்வாண்டு அக்டோபரிலேயே, அதே பாதையில், டயர் சிதைந்தமையால் உயிர் நீத்தார். புகழுக்கும் சாவுக்கும் இடையே எட்டுத் திங்களே இருந்தன.

அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் பாதை 1909-ல் தோன்றியது. முதலிற் பரப்பிய கல்லும் தாரும் பெயர்ந்து, பந்தயத்தில் உயிர்ச்சேதம் நேர்ந்தது. உடனே உரிமையாளர் 32 இலட்சம் செங்கற்களைப் பதித்தனர். 1911-ல் நடந்த முதல் 500 மைல் பந்தயத்தில் ரே ஹரூன் வென்றார். சராசரி வேகம் மணிக்கு 74.6 மைல். ஏனையோர் பின்வரும் வண்டிகளை நோக்குதற்கு உடன் ஒரு மெக்கானிக்கை ஏற்றிச் செல்ல, இவரோ ஒரு கண்ணாடியைப் பொருத்தித் தனியே ஓட்டினார். 1953, 1954 ஆகிய ஈராண்டும் ஆங்கு வென்ற பில் வுகோவிச், 1955-ல் முன்னணியில் ஓடுங்கால் விபத்தில் மாண்டார்.

நம் தமிழகத்தில் நீள்வட்டப் பாதை இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளமாகிய சோழவரத்திலேயே பல்லாண்டு பந்தயங்கள் நடைபெற்றன. 1990-ல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமும் பன்னிரண்டு வளைவுகளும் உடைய பாதை திறக்கப்பெற்றது. காஞ்சியினின்று சென்னை செல்லும் நெடுஞ்சாலை வழியிலேயே அஃது உள்ளது.

ஆயினும், நீள்வட்டம் கண்ட தமிழர் ஒருவர் உளர். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் பார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு ஜூன் 19-ல் நடந்த இண்டியானாபோலிஸ் பந்தயத்தின் பாதையில், பழைய நீள்வட்டத்தின் சாய்வளைவு ஒன்றும் அடங்கியிருந்தது. அவ்வளைவின் சுமையைத் தம் டயர்கள் தாங்கா என மிஷலின் நிறுவனத்தார் அறிவித்தமையால், இருபது வண்டிகளுள் பதினான்கு விலகின. எஞ்சிய ஆறனுள் நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். 2010-ல் மார்ட்டின்ஸ்வில் என்னும் அரை மைல் நீள்வட்டத்தில் நாஸ்கார் டிரக் பந்தயத்திலும் ஓட்டிப் பதின்மூன்றாம் இடம் எய்தினார்.

பதினால்வர் விலகிய களத்திற் பெற்ற புள்ளிகள் பெருமையாகுமோ எனச் சிலர் வினவுவர். அவர் வண்டியின் டயர் வேறு நிறுவனத்தது. அது சுமை தாங்கிற்று. அவர் இறுதிவரை ஓட்டினார். இதிற் குறையொன்றும் இல்லை. விலகியோரைக் கோழைகள் என்றலும் தகாது. காசு கொடுத்து வந்தோர் கூக்குரலிடவும், தம் டயரின் எல்லையறிந்து அவர்கள் நின்றனர். 1913-ல் டயர் சிதைந்து ஓர் உயிர் போயிற்று. 2005-ல் முன்னறிந்து நின்றமையால் ஓருயிரும் போகவில்லை. விரைதற்கு வேண்டிய துணிவினும் நிற்றற்கு வேண்டிய துணிவு சிறிதன்று என்பதே யாம் துணிந்த முடிபு.