மடக்குக் கத்தியின் எஃகைப் பரீட்சித்தல்

மாஞ்செடிக்கு ஒட்டுக் கட்டுவோர் கையிலுள்ள மடக்குக் கத்தி கூர் மழுங்கியதாயின், ஒட்டுக்குச்சியைச் சீவாது நசுக்கிவிடும். நசுங்கிய குச்சி அடிச்செடியோடு பொருந்தி வளராமற் பட்டுப்போகும். ஒரு பருவத்து உழைப்பு வீணாகும். ஆகையால், தோட்டத்துக்குப் பல கத்திகள் வாங்க வேண்டியவர்கள் முதலில் வகைக்கு ஒன்றாக வாங்கிச் சோதித்தறிதல் நலம்.

கடைக்காரர் காகிதத்தை அறுத்துக் காட்டுவது இதற்குப் போதாது. அது தீட்டினவனுடைய கைத்திறத்தை அறிவிக்குமேயன்றி எஃகின் குணத்தை அறிவியாது. மட்டமான இரும்பும் சிறிது நேரத்துக்குக் கூராகவே இருக்கும். துருப்பிடியாமையும் கூர் நிற்றலுக்கு அத்தாட்சியன்று. 1913-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் குரோமியம் கலந்த துருவேறா எஃகை உருக்கினார். அதனாற் செய்த முதற் கத்திகள் சரியாக அறுப்பதில்லை என்று அவ்வூர்க் கத்தித் தொழிலாளர் பரிகசித்தனர். அத்தகைய எஃகும் தக்கபடி பதம் பெற்றால் நெடுநாள் கூர் நிற்கும் என்பது பின்னரே விளங்கிற்று.

சோதனைக்கு இரு கத்திகளையும் ஒரே கல்லில் ஒரே சாய்வில் தீட்டவேண்டும். அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைக் கல்லினின்று தூக்கிப் பிடித்தால், சாய்வு ஏறக்குறைய 20 பாகையாகும். தொங்கவிட்ட செய்தித்தாளை இரண்டும் பிசிறின்றி அறுத்தபின், தேங்காய்நார்க் கயிற்றை மரப்பலகைமேல் வைத்து, ஒரே அளவாய் அழுத்தி அறுத்து வரவேண்டும். கயிற்றில் ஓரிடத்தில் மண் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் இருக்குமாதலால், ஒரே கயிற்றில் இரு கத்திகளாலும் மாறிமாறி அறுப்பதே நியாயம். ஒவ்வொரு கத்தியும் 20 தடவை அறுத்தவுடன் அதனைத் தாளிற் சோதித்துப் பார்த்து, தாள் கிழியத் தொடங்கும்போது அதுவரை அறுத்த தொகையைக் குறித்துக்கொள்க.

மண்ணுக்கு இத்துணை மதிப்பேன் எனின், அலகைத் தேய்ப்பதில் மணல் மிக வல்லது. சர்வதேச முறைப்படி கத்திகளைச் சோதிக்கும் இயந்திரத்திலும் 5 சதவீதம் மணற்சத்துச் சேர்ந்த அட்டையையே அறுக்கச் செய்கின்றனர். நெற்றாளில் அச்சத்து இயல்பாகவே மிகுந்திருத்தலால், அரிவாளும் அறுவடையில் விரைந்து மழுங்குகிறது.

ஒரே தடவையில் தீர்ப்புக் கூறுதல் தகாது. தொழிற்சாலைச் சாணையின் சூட்டினால் புதுக் கத்தியின் மெல்லிய வாய் பதம் இழந்திருப்பதுண்டு. தீட்டத் தீட்ட அப்பாகம் தேய்ந்துபோய் நல்ல எஃகு வெளிப்படும். மூன்று முறை தீட்டிச் சோதித்த பின்னும் தொகை உயராத கத்தியையே மட்டமானதென்று விலக்கலாம்.

மழுங்கிய வாயை வெளிச்சத்தில் உற்று நோக்குதலும் பயனுடையது. ஒரு பக்கம் மடிந்திருப்பின் எஃகு மென்மையானது. தோல்வாரில் இழுத்தால் சிறிது நிமிரும். சில்லுச் சில்லாய் உதிர்ந்திருப்பின் பதம் மிஞ்சிற்று. அத்தகைய கத்தி கயிற்றிலே வெற்றி பெற்றாலும் கணுவிற்பட்டு உடையும். மடியாமலும் உதிராமலும் சீராய்த் தேய்ந்த அலகே வாங்கத்தக்கது. அதன் தொகை சற்றுக் குறைவாயிருப்பினும் பாதகமில்லை, சாதாரணத் தீட்டுக்கல்லில் அது எளிதிற் கூர் கொள்ளுமாதலால்.