ஆற்றடிக்குப் போகும் வாசல்

கேள்வி: பாலம் கட்டுகிறவர்கள் ஆற்றுக்கடியில் அழுத்தக் காற்றை நிரப்பி, நீரை விலக்கி வைத்து அஸ்திவாரம் தோண்டுகிறார்களாமே, அந்தக் காற்று வெளியேறாமல் ஆட்கள் போய்வருவது எப்படி? இது யார் கண்ட உபாயம்?

பதில்: நடுவே இரண்டு கதவுகளுள்ள சிறிய இரும்பறை ஒன்றை அமைப்பதே உபாயம், ‘ஏர்லாக்’ என்பது அதுதான். வேலையாள் அதனுள் பிரவேசித்து வெளிக்கதவைச் சாத்தியபின், குழாயைத் திறந்து கீழேயுள்ள காற்றைச் சிறிது சிறிதாக உள்ளே விடுவார்கள். இருபுறத்து அழுத்தமும் சமமாகும் வரையில் உட்கதவு அசைந்து கொடுக்காது. இரண்டு கதவுகளும் அழுத்தம் மிகுந்த பக்கம் நோக்கியே திறப்பவையாதலால், காற்றே அவற்றைச் சட்டத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஒரு சதுர மீட்டர் கதவின்மேல், 2 வளிமண்டல அழுத்த வித்தியாசத்தில், ஏறக்குறைய 20 டன் பாரம் விழும். மறதியாலோ பதற்றத்தாலோ எவரும் அதைத் திறந்துவிட முடியாது. அபாயத்தை விளைவிக்கக்கூடிய சக்தியையே காவலாக நிறுத்திய இந்த யுக்தியை நான் எத்தனை முறை எண்ணினாலும் வியப்பு அடங்குவதில்லை.

இங்கிலாந்தில் தாமஸ் காக்ரேன் 1830-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும், பிரான்ஸில் லுவார் நதிக்கரையில், நீர் ஊறும் மணலினூடே நிலக்கரிச் சுரங்கத்துக்கு வழி இறக்க 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைக் கையாண்டு ஜயம் கண்டவர் டிரிஜே என்ற எஞ்சினியர். 3 வளிமண்டல அழுத்தத்தில் ஒருவராலும் சீட்டியடிக்க முடியவில்லை என்பதையும், பல மணி நேரம் உழைத்து வெளியேறிய இருவருக்குக் கைகால் மூட்டுகளில் கடும் வலி கண்டதையும் அவர் எழுதி வைத்தார்.

அந்த வலியின் காரணம் புலப்படுவதற்குள் பலர் மாண்டனர். புரூக்ளின் பாலத்தின் பிரதம எஞ்சினியர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872-இல் அந்நோயால் முடங்கிப்போக, அவருடைய மனைவி எமிலிதான் அவர் கட்டளைகளை வேலைத்தலத்துக்குக் கொண்டு சென்று, 1883-இல் பாலம் முடியும் வரையில் துணைநின்றார். மிகுந்த அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் சட்டென்று தணிந்தால் குமிழிகளாகப் பிரிந்து சரீரத்தை வருத்துகிறது என்பதை 1878-இல் பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர் நிலைநாட்டினார். அதாவது, உள்ளே போகையில் அத்தனை நேர்த்தியாக உதவிய அறையில், வெளியே வருகையில் அவசரமின்றிக் காத்திருக்கவும் வேண்டும். நாள் முழுதும் மண் தோண்டிக் களைத்தவனுக்கு அந்தப் பொறுமையைக் கற்பிப்பது எளிதாயிருக்கவில்லை. 1890-ஐ ஒட்டி நியூயார்க்கில் ஹட்ஸன் நதிக்கடியில் சுரங்கம் அமைத்த எர்னெஸ்ட் மோயர், சிகிச்சைக்கென்றே இத்தகைய அறையொன்றை நிறுவி, நோயுற்றவர்களை மறுபடி அழுத்தத்துக்கு உட்படுத்தி, பின்னர் மிக மெதுவாக அதைத் தணித்தார். அதன்பின் அங்கே மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.