சொல் அறிவோம்: டிரகோனியன்

அதிகாரிகளுக்கு ஆங்கிலத்தில் மனு எழுதும்போது 'டிரகோனியன்' என்ற சொல்லை நம்மில் பலர் கையாளுகிறோம். அதன் பொருளை அறிந்து எழுதுவது நல்லது.

கி.மு. 621 வாக்கில் ஏதென்ஸ் நகரில் டிராக்கோ என்பவர் முதன்முதலாகச் சட்டங்களை எழுத்தில் வடித்தார். அவற்றின்படி காய்கறி, பழம் திருடியவனுக்கும் கொலைகாரனுக்கும் ஒரே தண்டனை, மரணம் என்று புளூட்டார்க் எழுதியுள்ளார். கி.மு. 594இல் சோலன், கொலைக்குற்றச் சட்டம் நீங்கலாக மற்றவற்றை ரத்து செய்தார். ஆயினும் டிராக்கோவின் பெயர் கொடிய சட்டத்துக்கு அடைமொழியாக நிலைத்துவிட்டது.

ஆகவே இச்சொல் சட்டம், விதி, தண்டனை, நடவடிக்கை ஆகியவற்றுக்கே பொருந்தும். வெயிலுக்கோ விலையேற்றத்துக்கோ பொருந்தாது. கண்டிப்பான விதி எல்லாம் டிரகோனியனும் ஆகாது. குற்றம் சிறிது, தண்டனை பெரிது என்றால்தான் அப்பெயர்.

தராசுக்கு முத்திரையிடும் விதியையே ஒருமுறை நாம் அவ்வாறு எழுதிவிட்டோம். "சரியான எடை கேட்பது கொடுமையா?" என்றார் அதிகாரி. தலைகுனிந்து திரும்பினோம். முத்திரை ஒரு நாள் தாமதமானதற்குக் கடையையே மூடச் சொன்னால், அது டிரகோனியன்.

கைதவறி ஒரு பாட்டிலை உடைத்த சிப்பந்திக்கு மாதச் சம்பளத்தையே பிடித்தால், நம் கடை விதியும் டிரகோனியன்தான் என்பதை நினைவில் கொள்வோமாக.