எதற்கும் ‘ஒய்’ தட்ட ஓர் ஆள்

கேள்வி: எங்கள் பள்ளி ஆய்வகத்தில் பாஸ் லினக்ஸ்தான். மென்பொருள் நிறுவ ஒவ்வொரு கணினியிலும் உட்கார்ந்து ‘ஒய்’ தட்டிக்கொண்டிருக்கிறேன். ஷெல் ஸ்கிரிப்டே பதில் சொல்லாதா?
– ஆசிரியை ஒருவர், திண்டுக்கல்

பதில்: தாராளமாகச் சொல்லும். டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கியது பாஸ். ஆகவே ஆப்ட்-கெட் கட்டளையோடு ‘ஹைஃபன் ஒய்’ சேருங்கள், பாதித் தொல்லை தீர்ந்தது. அந்த வசதி இல்லாத நிரலுக்கு ‘யெஸ்’ கட்டளையைப் பைப்பில் கோத்துவிடலாம். ஆனால் அது எதைக் கேட்டாலும் தலையாட்டும், ‘எல்லாவற்றையும் அழிக்கவா?’ என்றாலும்!

பாஸ்வேர்டு விஷயம் வேறு. எஸ்எஸ்எச் போன்றவை பைப்பில் வருவதைச் சட்டை செய்யாமல் டெர்மினலிடமே நேராகக் கேட்கும். அதற்குத்தான் ‘எக்ஸ்பெக்ட்’. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனத்தில் டான் லிபெஸ் எழுதி, 1990இல் அறிமுகப்படுத்தியது. போலி டெர்மினல் ஒன்றை உண்டாக்கி, அதற்குள் நிரலை ஓட்டும். நாம் சொன்ன வரி வரும்வரை காத்திருந்து, வந்ததும் ‘சென்ட்’ மூலம் பதிலை அனுப்பும். பொறுமை பத்து நொடிதான். மந்தமான கணினி என்றால் ‘டைம்அவுட்’டைக் கூட்டிவையுங்கள்.

பாஸ்வேர்டை ஸ்கிரிப்டிலேயே எழுதுவது, திண்டுக்கல் பூட்டைப் பூட்டிச் சாவியை அதிலேயே தொங்கவிடுவது போல. எஸ்எஸ்எச்சுக்கு அது தேவையுமில்லை: ‘எஸ்எஸ்எச்-கீஜென்’னில் சாவி உருவாக்கி, ‘எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி’யால் ஒவ்வொரு கணினிக்கும் ஒருமுறை அனுப்பிவிடுங்கள்.