காளானுக்கு முன் மரம்

காட்டுக்காளான் தேடக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, படப் புத்தகத்தை மூடிவிட்டு மரத்தைப் பாருங்கள் என்பதுதான். ஜார்க்கண்டில் ருக்டா என்றும் பஸ்தரில் போடா என்றும் சொல்கிறார்களே, அந்தக் காளானுக்குக் குடையும் இல்லை, தண்டும் இல்லை. கோலிக்குண்டு அளவில் சால மரத்தடி மண்ணுக்குள் கிடக்கும். அதன் இழைகள் சால வேரின் நுனியைப் போர்த்தி, மண்ணிலிருந்து நீரையும் பாஸ்பரஸையும் இழுத்துக் கொடுக்கின்றன. மரம் பதிலுக்குச் சர்க்கரை தருகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலைச் சிப்பிக்காளான் வளர்க்கும் வைக்கோல் பைக்குள் நடத்த முடியாது. சிப்பிக்காளான் மலிவாகக் கிடைக்கும்போது காட்டில் எதற்குக் கிளற வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதிலேயே பதில் இருக்கிறது. கொட்டகை போடுகிறவர் எல்லாரும் விளைவிக்கக்கூடிய சரக்கில் கூடைக்காரிக்கு என்ன பேரம் மிஞ்சும்? ருக்டா முதல் மழைக்குப் பின் சில வாரங்கள்தான் வரும். தொடக்கத்தில் அதன் விலை ஆட்டுக்கறியைத் தாண்டிவிடும். போன வருஷத்து நெல் தீர்ந்து, புது நெல் இன்னும் நாற்றாக நிற்கிற வாரங்கள் அவை. கிளறுவதும் சந்தையில் அளந்து விற்பதும் பெரும்பாலும் பெண்கள்தான்.

ஆகவே காளானின் மதிப்பைக் கணக்கிட வேண்டுமானால், அதைத் தாங்கும் காட்டின் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். 1970களின் கடைசியில், இன்றைய ஜார்க்கண்டில் உள்ள சிங்பூம் ஆதிவாசிகள் சாலக் காட்டை வெட்டித் தேக்கு நடுவதை எதிர்த்துக் கன்றுகளைப் பிடுங்கினார்கள். இலை, விதை, குங்கிலியம் என்று சால மரம் தருவதைப் போலத் தேக்கு தராது. அதன் வேர் இந்த வகைக் காளானோடு உறவு கொள்வதும் இல்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமோ, சிறு வன விளைபொருளைத் தாவரத்திலிருந்து வருவது என்று வரையறுக்கிறது. காளான் தாவரமே அல்ல என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை போலும்!

பறித்துப் பறித்தே அழித்துவிடுவார்கள் என்ற அச்சமும் உண்டு. சுவிட்சர்லாந்தில் 1975 முதல் 2003 வரை நடந்த ஆய்வில், தொடர்ந்து பறித்த இடங்களில் விளைச்சலும் இன வகைகளும் குறையவில்லை. ஆட்கள் நடந்து மிதித்த இடங்களில்தான் காளான்கள் குறைந்தன. இதை அப்படியே சாலக் காட்டுக்குப் பொருத்த எனக்குத் தயக்கம் உண்டு. சுவிட்சர்லாந்தில் பறித்தவை தரைக்கு மேல் நின்றவை. ருக்டாவையோ வித்து முதிருமுன், மண்ணைக் கீறித்தான் எடுக்கிறார்கள். அதனால் மெல்லிய குச்சியால் மேல்மண்ணை மட்டும் கீறுங்கள், எடுத்த குழியை மூடுங்கள், ஒரு பகுதியை முதிர விட்டுவிடுங்கள் என்பேன்.

விஷம் பற்றிய எதிர்வாதம்தான் கனமானது. அஸ்ஸாமில் 2022 ஏப்ரலில் காட்டுக்காளான் தின்று 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்தினர். பரம்பரை அறிவு எங்கே போயிற்று என்று கேட்கலாம். தோட்டத்து மக்களில் பலருடைய முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் சோட்டா நாக்பூரிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். காளானை அறியும் பார்வை கூடவே வந்தது, காடு வரவில்லை என்றே நான் ஊகிக்கிறேன். கலிஃபோர்னியாவில் குடியேறிய தென்கிழக்கு ஆசியர்கள், ஊரில் தின்ற வைக்கோல் காளானாக நினைத்துக் அமனிட்டா என்ற கொடிய நச்சுக்காளானைத் தின்றதும் இதே கதை. காளான் அறிவு அந்தந்த மண்ணுக்கு உரியது. வேறு காட்டில் அதை நம்பக் கூடாது. பூச்சி அரித்தால் நல்லது, வெள்ளிக் கரண்டி கறுத்தால் கெட்டது என்ற சோதனைகளோ எந்தக் காட்டிலும் உதவாது. அமனிட்டாவின் நஞ்சு கொதித்தாலும் போகாது.

உருண்டையாக எது கிடைத்தாலும் நெடுக்காக வெட்டிப் பாருங்கள். உள்ளே ஒரே சீராக வெள்ளையாக இருக்க வேண்டும். குட்டிக் குடையின் கோடு தெரிந்தால் அது அமனிட்டாவின் மொட்டாக இருக்கலாம்; கறுத்திருந்தால் முதிர்ந்த ருக்டாவோ நச்சுள்ள வேறோர் உருண்டைக் காளானோ, எதுவானாலும் தின்ன ஆகாது. வெள்ளையாக இருந்தாலும், அந்தக் காட்டில் ஆண்டுதோறும் கிளறுகிற பெண் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அடுப்பில் ஏற்றாதீர்கள். தின்று ஆறு மணி நேரத்துக்குப் பிறகு வாந்தி தொடங்கினால், அது நின்றுவிட்டாலும், மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஈரல் கெடுவது அதற்குப் பிறகுதான்.