ஏஞ்சல் மீனை ஜோடியாக வாங்காதீங்க!



கல்வராயன் மலைக் குழு ஒன்றில் ஓர் உறுப்பினர் குழுக்கடனில் 'ஜோடி' என்று சொல்லி விற்ற இரண்டு ஏஞ்சல் மீன் வாங்கினார். இரண்டு தடவை முட்டை போட்டும் குஞ்சு வரவில்லை. எல்லாம் வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்துவிட்டது. இரண்டுமே பெண்ணாக இருந்தால் இப்படித்தான்!

ஏஞ்சல் நம்ம ஏரி ஜிலேபிக்குச் சொந்தக்கார மீன். ஆனால் சாது. சென்னை கொளத்தூரில் பல குடும்பங்களுக்கு வண்ணமீன்தான் பிழைப்பு. ஏஞ்சலில் ஆண், பெண் பார்த்தவுடன் தெரியாது. அதனால் ஆறேழு குஞ்சு வாங்கி ஒன்றாக வளருங்க. எட்டுப் பத்து மாதத்தில் அதுகளே ஜோடி சேர்ந்து ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றதை விரட்டும். அந்த ஜோடியை மட்டும் தனித் தொட்டிக்கு மாற்றி, ஒரு சிலேட்டைச் சாய்த்து வைங்க. அதில்தான் முட்டையை ஒட்டும். தாயும் தகப்பனும் மாறி மாறி விசிறிக் காக்கும்.

தண்ணீர் 26 முதல் 28 டிகிரி இருக்கணும். மலையில் மார்கழிக் குளிருக்கு ஹீட்டர் இல்லாமல் முடியாது, அந்தச் செலவையும் கடன் மனுவில் சேர்த்து எழுதுங்க. இரண்டு மூன்று நாளில் முட்டை பொரியும். குஞ்சு நீந்த மேலும் ஐந்தாறு நாள் ஆகும். அதுவரை தீனி போட்டால் தண்ணீர்தான் கெடும். நீந்தியதும் அன்றன்று பொரித்த ஆர்டீமியா கொடுங்க.

முதல் முட்டைகளைப் பெற்றதுகளே தின்றுவிடுவதும் உண்டு. பத்துப் பன்னிரண்டு நாளில் மறுபடி போடும்.