காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே

அன்புள்ள கயலுக்கு,

 

உனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிற சேதியை உன் அம்மா போன வாரமே சொல்லிவிட்டாள். மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியவள், சாயங்காலத்துக்குள் தெருவில் பாதிப் பேருக்குத் தானே சொல்லியும் விட்டாள். போனில் நீ கேட்டதற்கெல்லாம் நான் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் நர்ஸாக அலைந்த கால்கள் இப்போது ஓய்ந்துவிட்டன, வாய் ஓயவில்லை. மீதியை எழுதுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

எங்களுக்குப் பயிற்சியில் மூன்று தாமதங்களைப் பற்றிச் சொல்லித் தருவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதில் ஒன்று, போய்ச் சேர்வதில் ஒன்று, போன இடத்தில் வைத்தியம் கிடைப்பதில் ஒன்று. 2008-ல் 108 வண்டி வந்தபிறகு இரண்டாவது நன்றாகவே குறைந்தது. மூன்றாவதை அரசாங்கமும் டாக்டர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது மட்டும் இன்னும் நம் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. “ராத்திரியாயிருச்சு, காலையில பாத்துக்கலாம்”, “அவரு வரட்டும்”, “இதெல்லாம் எல்லாருக்கும் வர்றதுதான்” என்று மூன்று குரலில் பேசும். படித்த வீடு, சென்னை வீடு என்றெல்லாம் அதற்குக் கிடையாது. அதனால் இன்றைக்கே மாப்பிள்ளையிடமும் உன் அத்தையிடமும் பேசிவிடு: உடம்பில் ஏதோ சரியில்லை என்று நீ சொன்னால் அன்றைக்கே, அப்போதே கிளம்ப வேண்டும். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தால் ஆட்டோ காசுதான் நஷ்டம்.

சரி, இப்போதைய காரியத்துக்கு வருவோம். கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியை எழுதி வைத்திருக்கிறாயா? அந்த மாதவிலக்கின் முதல் நாளோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டினால் பிரசவத் தேதி வரும். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. மொத்தம் 280 நாள். 28 நாளை ஒரு மாதம் என்று வைத்தால் நம் கிழவிகள் சொன்ன பத்து மாதக் கணக்கு சரியாகவே இருக்கிறது. அந்தத் தேதியிலேயே பிறப்பது அபூர்வம், அதைக் கட்டிக்கொண்டு அழாதே. 37 வாரம் தாண்டினால் நிறை மாதம்தான்.

முதல் ஸ்கேனை ஏழெட்டு வாரத்தில் எடுத்திருப்பாய். பிள்ளை கர்ப்பப்பைக்குள்தான் தங்கியிருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். குழாயில் தங்கினால் அடிவயிற்றில் ஒரு பக்கம் சுரீரென்று வலிக்கும், தலை சுற்றும், லேசாக உதிரம் படும், அது ஆபத்து. அடுத்த ஸ்கேன் 11 முதல் 14 வாரத்துக்குள், அதற்கடுத்தது 18 முதல் 20 வாரத்துக்குள். இந்த இரண்டையும் ‘தீபாவளி முடியட்டும், ஆடிட் முடியட்டும்’ என்று தள்ளாதே. பிள்ளையின் இதயம், முதுகுத்தண்டு, மூளை எல்லாம் அந்த வாரங்களில்தான் தெளிவாகத் தெரியும். ஏதாவது பெரிய குறை இருந்தாலும் யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்கும். ஆணா பெண்ணா என்று மட்டும் யாரையும் கேட்க விடாதே. 1994-ல் வந்த சட்டப்படி அது குற்றம். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் வர வேண்டியிருந்தது என்று நன்றாகத் தெரிந்த ஊர்க்காரி சொல்கிறேன், அந்தக் கேள்வியே உன் வீட்டில் எழக் கூடாது.

மசக்கையைப் பற்றி நீ அதிகம் புலம்பினாய். எழுந்ததும் வெறும் வயிற்றில் காபி குடிப்பதை நிறுத்து. கட்டிலருகே கொஞ்சம் பொரி வைத்துக்கொண்டு, அதைத் தின்றுவிட்டு மெதுவாக எழு. மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரி. இஞ்சி கேட்கும். அதற்கும் அடங்காவிட்டால் டாக்டர் மாத்திரை தருவார், தயங்காமல் போடு. தண்ணீர்கூட உள்ளே நிற்காமல், சிறுநீர் மஞ்சளாகச் சொட்டுச் சொட்டாகப் போனால் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும். அப்போது வீட்டில் இருக்காதே.

இப்போது ஃபோலிக் ஆசிட் போடுகிறாய் அல்லவா? நான்காம் மாதத்திலிருந்து இரும்புச் சத்து மாத்திரை தருவார்கள், ஆறு மாதத்துக்கு நாள்தோறும். இந்த மாத்திரையோடு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வீட்டுக்கு வீடு அட்டை அட்டையாகக் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் போய்ப் பார்த்தால், அரிசிப் பானைக்குப் பின்னால் அத்தனையும் பிரிக்காமல் கிடக்கும். கேட்டால், “போட்டா புள்ள கறுத்துப் போகுமாம்ல” என்பார்கள். கறுப்பது மலம்தான், பிள்ளை அல்ல. அது பயப்படும் விஷயமும் அல்ல. வாந்தி வந்தால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போடு. மலச்சிக்கல் வந்தால் கீரை, கொய்யா, தண்ணீர் கூட்டு. டீ, காபியோடு சேர்த்துப் போட்டால் சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாக ஒட்டும். கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே வாயில் போட்டு விழுங்காதே, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இறங்கினால் ரத்தசோகை. நம் வீட்டுப் பெண்களுக்கு எப்போதும் 9, 10-தான், அதுவே பழகிப்போய்விட்டது. பிரசவத்தில் எல்லாருக்கும்தான் ரத்தம் போகும். 12 உள்ளவள் தாங்கிக்கொள்வாள், 8 உள்ளவளால் முடியாது.

ரத்த வகையையும் பார். உனக்கு நெகட்டிவ், மாப்பிள்ளைக்குப் பாசிட்டிவ் என்றால் 28-வது வாரத்தில் ஓர் ஊசி உண்டு. பிள்ளை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் மறுபடியும் ஒன்று.

சர்க்கரைப் பரிசோதனையை ஒரு தடவை பார்த்தாயிற்று என்று விடக் கூடாது. முதல் தடவை போகும்போதும், 24 முதல் 28 வாரத்துக்குள்ளும் பார்க்க வேண்டும். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள்; 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றோடுதான் வர வேண்டும் என்றில்லாத இந்த எளிய முறையைக் கொண்டுவரப் பாடுபட்டவர் நம் சென்னை டாக்டர் வி. சேஷையா. அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் நாடு முழுக்க இதற்கான விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். சர்க்கரை இருக்கிறது என்று சொன்னால் இடிந்து போகாதே. பாதிப் பேருக்கு மேல் சாப்பாட்டை ஒழுங்குபடுத்தினாலே அடங்கிவிடுகிறது.

சாப்பாடு என்றதும் உன் அத்தையின் ஞாபகம் வருகிறது. இரண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு என்று தட்டை நிரப்புகிறார்களாம். நாலாம் மாதத்துக்கு மேல் கூடுதலாக வேண்டியது ஒரு முட்டை, ஒரு தம்ளர் பால், ஒரு கைப்பிடி சுண்டல், ஒரு பழம், அவ்வளவுதான். குங்குமப்பூ போட்ட பாலை அவர்கள் ஆசைக்குக் குடி, பிள்ளை நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பப்பாளிக்காய் வேண்டாம், பழம் கொஞ்சம் தின்றால் தவறில்லை, ஆனால் அதற்காக வீட்டில் சண்டை போடாதே, கொய்யா இருக்கிறது. கிரகணத்தன்று உள்ளே இரு என்றால் இருந்துவிட்டுப் போ. பட்டினியும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் மட்டும் கூடாது. இந்த மாதிரி விஷயங்களில் விட்டுக்கொடுத்தால்தான், விட்டுக்கொடுக்கக் கூடாத இடத்தில் உன் பேச்சு எடுபடும்.

அப்படிப்பட்ட இடம் ஏழாம் மாதத்துக்கு மேல் வரும். எங்கள் ஊரில் ஒரு வளைகாப்பு. பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம். சந்தனம் பூசி, சுற்றி நின்று கண்ணாடி வளையல் அடுக்குகிறார்கள். அளவெடுத்து வாங்கிய வளையல் முட்டியைத் தாண்டவில்லை. “புள்ளத்தாச்சிக்குச் சதை போட்டிருக்கு” என்று சிரித்துக்கொண்டே ஒருத்தி சோப்பு எடுத்து வரப் போனாள். எனக்குக் கண் அந்தக் கையிலேயே நின்றது. மோதிரம் விரலில் புதைந்திருந்தது, முகமும் உப்பியிருந்தது. தலை வலிக்குதா என்று காதோடு கேட்டேன். ரெண்டு நாளா வலிக்குது, கண்ணு மின்னுது, விசேஷம் முடியட்டும்னு சொல்லலை என்றாள். பையில் இருந்த பி.பி. கருவியைக் கட்டினேன், 160-க்கு 110. புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் பந்தியில் கிடக்க, அவளை அப்படியே மதுரைக்கு ஏற்றிவிட்டோம். மறுநாள் ஆபரேஷன், பிள்ளை எடை குறைவுதான், இரண்டு உயிரும் தங்கிவிட்டது. ராத்திரி தங்கவைத்திருந்தால் வலிப்பு வந்திருக்கும்.

கால் வீங்குவது சகஜம். முகமும் கையும் வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ மேல்வயிற்று வலியோ கூடச் சேர்ந்தால் சகஜமில்லை. பி.பி. 140-க்கு 90-ஐத் தொட்டாலே டாக்டரிடம் போக வேண்டும், அந்த அளவை மனதில் பதித்துக்கொள். ஒவ்வொரு தடவையும் அட்டையில் எழுதிய பி.பி.யை நீயே படித்துப் பார். உதிரம் பட்டாலும் பனிக்குடம் உடைந்து நீர் போனாலும் வலி வரட்டும் என்று காத்திருக்காதே; நீர் பச்சையாக இருந்தால் இன்னும் சீக்கிரம். உள்ளங்கை, உள்ளங்கால் தாங்க முடியாமல் அரித்தால் அதையும் சொல்.

பிள்ளை அசைவு தலைச்சன் பிள்ளைக்கு 18-லிருந்து 20 வாரத்தில் தெரிய ஆரம்பிக்கும். முதலில் வாயுவோ என்று தோன்றும். 28 வாரத்துக்கு மேல் சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணிப் பார், இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வர வேண்டும். வழக்கத்தைவிடக் குறைந்தால் அன்றைக்கே போ. ஜூஸ் குடித்துப் பார், விடிந்ததும் பார் என்பவர்கள் பேச்சைக் கேட்காதே. ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்று ஒரு பேச்சும் காதில் விழும். அது பொய். வயிற்றில் ஒவ்வொரு வாரமாகக் கூடக் கூடப் பிள்ளைக்குப் பலம் கூடுகிறது.

தலைப்பிரசவத்துக்கு இங்கே வரப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். வருவதானால் 32, 34 வாரத்துக்குள் வா. டாக்டரைக் கேட்டுவிட்டு, ரயிலிலேயே வா. கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. அதற்கு முன்பே ஒரு தடவை வந்து, பிரசவம் பார்க்கப்போகும் டாக்டரைப் பார்த்துவிடு. கடைசி நேரத்தில் பைலைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பவளைப் புது டாக்டருக்கு எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரியில் ஏசி அறை இருக்கிறதா என்று உன் அப்பா விசாரிப்பார். நீ ரத்த வங்கியும் பச்சைப்பிள்ளைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் இருக்கிறதா என்று கேள். சிசேரியன் தேவையென்றால் செய்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் நல்ல நாள், நட்சத்திரம் பார்த்து 37 வாரத்திலேயே கீறச் சொல்லும் கூத்துக்கு மட்டும் சம்மதிக்காதே.

சென்னையிலேயே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் பதிவு செய்துவிடு. தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்தாலும் அந்தப் பதிவு எண் வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள். ஆபீஸில் 26 வாரச் சம்பள விடுப்பு உன் உரிமை, 2017 திருத்தத்துக்குப் பிறகு. அதில் 8 வாரம்வரை முன்னாலேயே எடுக்கலாம், மற்றதைப் பிள்ளையோடு இருப்பதற்கு வைத்துக்கொள். உன் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் மகளும் முழுகாமல் இருக்கிறாள் என்றாயே, அவளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் உதவி உண்டு என்று சொல். ஏழைக் குடும்பம், 19 வயது நிறைவு, முதல் இரண்டு பிரசவம், இவைதான் நிபந்தனை. சீக்கிரம் பதிய வேண்டும்.

வலி எப்படி இருக்கும் என்று பயந்து கேட்டாய். பொய் வலி வரும், எழுந்து நடந்தால் போய்விடும். மெய் வலி இடுப்பில் கிளம்பி அடிவயிற்றுக்கு இறங்கும். போகப் போக நெருங்கும், கூடும். ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று என்று ஆகிவிட்டால் கிளம்பு. விளக்கெண்ணெய் கொடுத்து வலியை வரவழைக்கிற வேலை வேண்டாம். முதல் பிரசவம் அரை நாளைத் தாண்டிப் போவது வழக்கம்தான்; மூச்சை அடக்கிக் கத்தாமல், விட்டு விட்டு மூச்சு வாங்கு. கூட ஓர் ஆளை வைத்துக்கொள்ளக் கேள், உன் அம்மா வேண்டாம், அவள் உன்னைவிட அதிகமாக அழுவாள். நான் வருகிறேன்.

பிள்ளை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் நாக்கில் படக் கூடாது. பத்தியம் என்று உனக்குத் தண்ணீரைக் குறைப்பார்கள். பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகம், தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடி. ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால் உடனே ஆஸ்பத்திரி. முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வரும், போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் போகாவிட்டால் அதையும் காய்ச்சல் மாதிரி நினைத்து டாக்டரிடம் சொல்.

திங்கட்கிழமை ரத்தம் கொடுக்கிறாய் என்றாயே, ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு. ஹீமோகுளோபின், ரத்த வகை, தைராய்டு மூன்றையும் பார்க்க வேண்டும். எழுத்து பொடியாக இருந்தால் எனக்குத் தெரியாது, பெரிதாகத் தெரிகிற மாதிரி எடு.

அன்புடன்,
பெரியம்மா